தரையைத் தொட இன்னும் மூன்று விரல்கடை இருக்கட்டும்

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு நாளில் எட்டு, ஒன்பது மணி நேரம் நாற்காலியில்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு தூக்கம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறி, மாத்திரை தொடங்க வேண்டி வந்தது. அப்போது டாக்டர் சொல்லித்தான் யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறார். நான்கைந்து மாதங்களில் தூக்கம் திரும்பிவிட்டது. "காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் எனக்கே எனக்கு என்று இருந்தது" என்று எழுதுகிறார்.

பிறகு நிலைமை மாறியிருக்கிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முப்பது நாள் சவால், அடுத்து இன்னொரு சவால். அப்புறம் 45,000 ரூபாய் கட்டி 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி. செப்டம்பர் கடைசியில் செய்முறைத் தேர்வு. அதற்குள், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டி உட்காரும் ஹனுமானாசனத்தில் இடுப்பு தரையைத் தொட வேண்டும், சிரசாசனத்தில் சுவரில்லாமல் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்று தேதி போட்டு வைத்திருக்கிறார். வாரா வாரம் இடுப்புக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுகிறார். இன்னும் மூன்று விரல்கடை பாக்கி.

நான்கு மாதமாக இடது பிட்டத்தின் அடியில், சரியாக உட்காரும் எலும்பில், வலி. ஆபீஸில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கூடுகிறது. குனிந்தால் சுரீர் என்கிறது. "வலித்தால்தான் திறக்கும்" என்று சொல்லி, முன்னால் குனியும்போது பயிற்சியாளர் முதுகில் அழுத்துகிறாராம். அதைத் தாங்க வகுப்புக்கு முன்னால் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். அப்பாவுக்குக் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உண்டு என்பதையும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் வேறு விஷயம். "வீட்டுக் கடனைப் பதினைந்து வருஷத்துக்குப் பதில் எட்டு வருஷத்தில் அடைத்தோம் டாக்டர். அடைத்த அன்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மகள் பாட்டு வகுப்பு போகிறாள். ஒன்றரை வருஷமாகியும் அலங்காரப் பாடம் தாண்டவில்லை என்று அவளிடமும் கத்துகிறேன். செப்டம்பர் வரை இந்த வலியைச் சமாளிக்க வழி சொல்லுங்கள். எனக்கு வயதாகிவிட்டதா? ஏன் எதையும் என்னால் நிதானமாகச் செய்ய முடியவில்லை?"

சகோதரி, உங்கள் கடிதத்தில் வலி பற்றி ஒரு கேள்வியும் வாழ்க்கை பற்றி ஒரு கேள்வியும் இருக்கின்றன. நான் எலும்பு, மூட்டு, தசைக் காயங்களைப் பார்க்கிற மருத்துவன் என்பதால் வலியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன என்பதே என் எண்ணம்.

அந்த வலி என்ன

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, யோகா செய்பவர்களிடமும் ஓட்டக்காரர்களிடமும் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு பாதிப்போடு நன்றாகப் பொருந்துகிறது. தொடையின் பின்பக்கம் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள், உட்காரும் எலும்பில் ஒரு தசைநாண் மூலம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழங்காலை நீட்டியபடி இடுப்பை ஆழமாக மடக்கும்போது, அந்தத் தசைநாண் இழுபடுவதோடு எலும்பின் மேல் அழுந்தவும் செய்கிறது. பச்சிமோத்தானாசனம், உத்தானாசனம், ஹனுமானாசனத்தில் முன்காலின் பக்கம், எல்லாமே இப்படித்தான். தினமும் அழுத்தினால் அதன் நார்கள் சீர்குலைய ஆரம்பிக்கும். பிறகு நாற்காலியில் உட்காருவதே அதற்கு ஒரு அழுத்தமாகிவிடும்.

இங்கேதான் உங்கள் முதல் தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "இன்னும் இறுக்கம் போகவில்லை, அதனால் வலிக்கிறது, இன்னும் நீட்டினால் சரியாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாதிப்பில் நீட்டுவதுதான் வலியை வளர்க்கிறது. இறுக்கம் என்று நீங்கள் உணர்வது பெரும்பாலும் அடிபட்ட தசைநாணின் எச்சரிக்கை. மேலே இருந்து ஒருவர் அழுத்துவது அந்தக் காயத்தின் மேலேயே அழுத்துவதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யோகா தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பு வேகமாக வளைந்து கொடுக்கும். தசை நீளமாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அப்போது மாறுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் சகிப்பு. முன்பு எந்த இடத்தில் "போதும்" என்று தடுத்ததோ, அந்த எல்லையை அது கொஞ்சம் தள்ளிவைக்கிறது. தசையின் பலம் கூடச் சில வாரங்கள் போதும். தசைநாண் அப்படியல்ல. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். சகிப்பு முன்னே ஓட, தசைநாண் பின்தங்குகிற அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட காயங்கள் வருகின்றன. அவசரம் ஒரு குணக்குறை என்று உங்களுக்கு அறிவுரை சொல்ல நான் வரவில்லை. உங்கள் காயத்துக்குக் காரணமே அந்த அவசரம்தான் என்கிறேன்.

வயதாகிவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. 25 வயது ஓட்டக்காரர்களுக்கும் இது வருகிறது. நாற்பதுக்கு மேல் குணமாகக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? முன்னால் ஆழமாகக் குனியும் ஆசனங்களையும் ஹனுமானாசனத்தையும் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் நிறுத்துங்கள். முழு ஓய்வு வேண்டாம், சும்மா விட்டால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். சேதுபந்தாசனத்தில், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி நிறுத்துவது, ஐந்து முறை. இது நல்ல தொடக்கம். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவில் வலி இருந்தால் பரவாயில்லை, அது மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்று அதிகமாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு ஒற்றைக் காலில், அதன் பிறகு எடையோடு என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போவார். ஆபீஸில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். நன்றாகக் குணமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். ஆரம்பத்திலேயே ஸ்கேன் தேவையில்லை, பரிசோதித்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

திடீரென்று "டப்" என்று அறுந்தது போலிருந்தாலோ, தொடையின் பின்னால் ரத்தம் கட்டி நீலமானாலோ, காலில் மரத்துப்போதலோ பலவீனமோ வந்தாலோ, சிறுநீர், மலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்த வரிதான். வகுப்புக்கு முன்னால் வலி மாத்திரை போடுவது, உடம்பு "நிறுத்து" என்று சொல்வதைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வது. காயம் ஆழமாவது அன்று தெரியாது, மறுநாள்தான் தெரியும். அது ஒருபக்கம். நீங்கள் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, சில ரத்த அழுத்த மருந்துகளின் வேலையையும் குறைக்கும். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆகும் தொந்தரவு தனி. "கொஞ்ச நாளாக பிரஷர் மறுபடி ஏறுகிறது, ஏன் என்று தெரியவில்லை" என்று இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சிரசாசனத்துக்கு முன்னால் கண் டாக்டர்

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். யோகா பழகிய 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்கவைத்துக் கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தார்கள். அது ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. நல்ல கண் உள்ளவர்களுக்கு, கீழே இறங்கியதும் இது தணிந்துவிடும். கிளாக்கோமா உள்ள கண்ணுக்கு இது ஆபத்து. அந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர், அப்பாவுக்கு நோய் இருக்கிறது. கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பரிசோதித்து "பிரச்சினை இல்லை" என்று தெரியும்வரை தலைகீழ் ஆசனங்கள் எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதபோதும் வேண்டாம். இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

எல்லா இடுப்பும் ஒன்றல்ல

பக்கத்துப் பாயில் செய்யும் 26 வயதுப் பெண்ணுக்கு இரண்டே மாதத்தில் பத்மாசனமும் ஹனுமானாசனமும் வந்துவிட்டது, எனக்கு முயற்சி போதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தொடை எலும்பின் தலை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இடுப்புக் குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு வலது, இடது கூட மாறும். எலும்போடு எலும்பு முட்டி நிற்கிற இடத்தை எந்தப் பயிற்சியாலும் தாண்ட முடியாது. தாண்டித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் வேறொரு மூட்டு அந்தக் கணக்கைத் தீர்க்கும். பத்மாசனத்தில் இடுப்பு திரும்பாதவர்களுக்கு அது பெரும்பாலும் முழங்கால். உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து என்னிடம் வருபவர்களில் இப்படி வலிந்து சம்மணம் போட்டவர்களும் உண்டு. அந்தப் பெண்ணின் முயற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இடுப்பு அவருக்கு, உங்கள் இடுப்பு உங்களுக்கு.

இதை யோக மரபு அறியாததல்ல. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 196 சூத்திரங்கள் உண்டு. ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. அவற்றில் முதலாவது, ஆசனம் என்பது நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தது முயற்சியைத் தளர்த்துவதைப் பற்றியது. தரையைத் தொடுவது பற்றி ஒரு சொல்கூட இல்லை. நம் காலத்துக்கு வந்தால், சென்னையில் பல்லாண்டு கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியார், வருகிறவரின் வயது, உடல்நிலை, தேவை பார்த்துப் பயிற்சியை மாற்றியமைப்பதையே முக்கியமாக வைத்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் சிறு வயதில் காசநோயாலும் மலேரியாவாலும் நலிந்தவர். புனேயில் அவர் கயிறு, பெல்ட், மரக்கட்டை, போர்வை எல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். உடம்பு எட்டாத இடத்தில் கட்டையை வைத்துக்கொள்ளலாம் என்பதை இவ்வளவு பெரிய ஆசிரியரே காட்டியிருக்கும்போது, உங்கள் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைப்பதில் என்ன குறை?

தேதி வேண்டாம் என்று சொல்லவில்லை

இனி உங்கள் கடைசிப் பக்கம். "குறிக்கோளே வைக்காதீர்கள், பாதையை ரசியுங்கள்" என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். குறிக்கோள் இல்லாமல் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியாது, எட்டு வருடத்தில் வீட்டுக் கடனும் அடைந்திருக்காது. அது சாதாரண விஷயமல்ல. உங்கள் குடும்பத்தின் பல இரவுத் தூக்கத்தை அது காப்பாற்றியிருக்கிறது. கடனுக்கு முடிவுத் தேதி பொருந்தும், ஏனென்றால் அடைப்பதுதான் அங்கே நோக்கமே. யோகாவிலோ பாட்டிலோ அப்படி ஒரு கடைசித் தவணை கிடையாது.

நீங்கள் எதற்காக யோகாவுக்குப் போனீர்கள்? தூக்கத்துக்காக, ரத்த அழுத்தத்துக்காக. இரண்டும் நான்கைந்து மாதத்தில் கிடைத்துவிட்டன. கூடவே, கேட்காமலே, உங்களுக்கே உங்களுக்கான ஒரு மணி நேரமும் கிடைத்தது. உங்கள் கடிதத்தின் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நோட்டில் அளவு எழுத ஆரம்பித்த மாதத்துக்குப் பிறகுதான் "மறுபடி மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது" என்று எழுதுகிறீர்கள். வந்த பலனைக் கொடுத்துவிட்டு மூன்று விரல்கடையை வாங்கப் பார்க்கிறீர்கள். அது கிடைத்தாலும் உங்களுக்கு என்ன செய்யும்? கடன் அடைந்த அன்று ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியவர் நீங்கள்தான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஒரு பரிசோதனையின் முடிவு 1973-ல் வெளிவந்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசு அட்டை தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே பரிசைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, விருப்பம்போல விளையாடும் நேரத்தில், முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள்தான் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பரிசு கெடுதல் செய்யவில்லை. பிடித்துச் செய்த வேலையை பரிசுக்கான வேலையாக மாற்றியதுதான் கெடுத்தது.

உங்கள் மகளை நினைத்துத்தான் இதைச் சொன்னேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படியாக வைத்திருப்பது நேரம் கடத்துவதற்கல்ல. ஏழு தாளத்திலும் ஸ்வரம் உட்கார்ந்த பிறகுதான் கீதமும் வர்ணமும் தொண்டையில் நிற்கும். ஒன்றரை வருடம் அலங்காரத்தில் இருப்பது தாமதமும் அல்ல. அவள் வீட்டில் வேலை செய்யும்போது, குளிக்கும்போது தானாகப் பாடுகிறாளா என்று கவனியுங்கள். பாடினால் பாட்டு அவளிடம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "எதுவரை வந்திருக்கிறாய்" என்று கேட்பதை இந்த மாதம் விட்டுவிட்டு, "இன்று படித்ததைப் பாடிக் காட்டு" என்று உட்கார்ந்து கேளுங்கள்.

நிதானம் உங்களுக்கு ஏன் வரவில்லை என்றால், அது பிறவிக் குறை அல்ல. மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, மார்ச் 31 என்று இருபது வருடமாகத் தேதியோடு ஓடிய மூளை அது. ஆபீஸ் கேட்டைத் தாண்டியதும் அதுவாக மாறிவிடாது. முப்பது நாள் சவாலில் பழக்கம் உறுதிப்படும் என்ற நம்பிக்கையையும் அளவோடு வையுங்கள். லண்டனில் 2010-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதலும் இல்லை. விட்ட நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

பாயில் இருக்கும்போது ஒரே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு. ஆசனத்தில் மூக்கு வழியாக, சத்தமில்லாமல், ஒரே சீராக மூச்சு போய்வருகிறதா? பல்லைக் கடித்தாலோ மூச்சை அடக்கினாலோ உங்கள் இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்கி மூச்சு சீராகும் இடத்தில் நில்லுங்கள். அந்த இடத்தில் நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது, முதல் சில மாதங்களில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் இடைவெளிக்குப் பதிலாக அன்றைய தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள்.

செப்டம்பர் தேர்வும் பணமும்

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வலியோடு தேர்வு எழுதுவது முதலாவது. தசைநாண் மேலும் கிழிந்தால் ஆறு மாதம் ஒரு வருடமாகலாம், அதனால் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடுத்த அணிக்கு மாற்றிக்கொள்வது இரண்டாவது. மருத்துவச் சான்றோடு எழுத்தில் கேளுங்கள், கட்டிய பணத்தை அதற்கு ஈடுசெய்யச் சொல்லுங்கள். சேரும்போது கையெழுத்திட்ட விதிமுறைத் தாளை முதலில் படித்துப் பாருங்கள். மூன்றாவது, மாற்று ஆசனங்களோடு தேர்வை முடிக்க அனுமதி கேட்பது. நல்ல பயிற்சிப் பள்ளி இதற்கு மறுக்காது. வரப்போகும் மாணவர்களில் பாதிப் பேர் மூட்டு வலியோடும் ரத்த அழுத்தத்தோடும்தான் வருவார்கள், அவர்களுக்கு மாற்று சொல்லத் தெரிவதுதானே ஆசிரியருக்கு வேண்டிய திறமை? எனக்குப் பிடித்தது மூன்றாவது. அது நடக்காவிட்டால் இரண்டாவது.

அந்த 200 மணி நேரச் சான்றிதழ் இல்லாமல் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த அளவுகோல் அமெரிக்காவில் உள்ள ஒரு தனியார் பதிவு அமைப்பால் பரவியது, அரசு உரிமம் அல்ல. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் தனியாகத் தேர்வுகள் நடத்துகிறது. அதுவும் விருப்பமுள்ளவர்களுக்குத்தான். இந்தச் செப்டம்பரை விட்டால் கதவு மூடிவிடும் என்ற பயம் வேண்டாம்.

முதுகில் அழுத்துவது பற்றி: உங்கள் உடம்பைத் தொட்டுத் திருத்த உங்கள் சம்மதம் வேண்டும். ஒரு முறை தந்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நாளைக் காலை வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "எனக்குத் தசைநாண் காயம் இருக்கிறது, டாக்டர் அழுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், முன்னால் குனியும் ஆசனங்களுக்குப் பதில் சேதுபந்தாசனம் செய்கிறேன்." பெரும்பாலான ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இவ்வளவு சொல்லியும் அழுத்தினால் அந்த வகுப்பை விட்டு வெளியே வாருங்கள், பணம் போனாலும் சரி.

இந்த வாரத்துக்குள் கண் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள், வலி மாத்திரை பற்றி ரத்த அழுத்த டாக்டரிடம் பேசுங்கள், பக்கத்தில் உள்ள பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். எட்டு வாரம் கழித்து வலி எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். ஹனுமானாசனத்தை எப்போது, எப்படி மறுபடி தொடலாம் என்பதை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.